ஸ்போர்ட்ஸ் வண்டியா, டூரிங் வண்டியா: ஐம்பது வயதுக்கு மேல் எதை வைத்து முடிவு செய்வது?

2025 செப்டம்பர் 22 முதல் இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி இரண்டாகப் பிரிந்தது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்தது 18 ஆனது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, 28 வரியும் 3 செஸ்ஸுமாக 31 சதவீதம் இருந்தது 40 ஆக ஏறியது. அதிலிருந்து தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கத்து மெக்கானிக் கடைகளில் ஒரு பேச்சு ஓயவில்லை. ஆர்டி 350, ஆர்எக்ஸ் 100, புல்லட் என்று ஓட்டி, பிறகு கரிஸ்மா, ஆர்15, ஆர்சி 390 என்று மாறி, இப்போது ஐம்பதையோ அறுபதையோ எட்டியவர்கள் கேட்கிறார்கள்: ஸ்போர்ட்ஸ் வண்டியைக் கொடுத்துவிட்டு, தொலைதூரப் பயணத்துக்கான டூரிங் வண்டிக்குப் போகலாமா? போனால் 350க்குக் கீழேயா, மேலேயா?

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வரி எதைப் பார்த்துப் போடப்படுகிறது? ஸ்போர்ட்ஸ் வண்டிக்கும் டூரிங் வண்டிக்கும் எந்திர அளவில் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மூத்த உடம்பை என்ன செய்யும்? வரிதான் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

வரிக்கோடு எங்கே விழுகிறது

வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியாளர் வரிக் குறைப்பை முழுமையாகக் கைமாற்றினால், 128 ரூபாய்க்கு விற்றது 118 ரூபாய் ஆகும். அதாவது ஷோரூம் விலையில் 7.8 சதவீதம் குறைவு. மேலே உள்ள வண்டிகளுக்கு 131 ரூபாய் 140 ஆகிறது, 6.9 சதவீதம் கூடுதல். வாழ்நாள் சாலை வரியும் விலையை வைத்தே கணக்கிடப்படுவதால் ஆன்ரோடு விலையில் இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலும். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே 350 சிசி கோடு இருக்கிறது. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய்.

ஆனால் இந்தக் கோட்டுக்கும் வண்டியின் குணத்துக்கும் சம்பந்தமில்லை. கோட்டுக்குக் கீழே ஆர்15 (155 சிசி), டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 (312 சிசி) என்ற ஸ்போர்ட்ஸ் வண்டிகளும் இருக்கின்றன, மீட்டியார் 350 (349 சிசி) என்ற நிதான வண்டியும் இருக்கிறது. கோட்டுக்கு மேலே டோமினார் 400, டிரையம்ப் ஸ்பீட் 400, ஹிமாலயன் 450, இன்டர்செப்டர் 650 எல்லாம் ஒரே 40 சதவீதத்தில் நிற்கின்றன. ஆக, வரியைப் பார்த்து வண்டி வகையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தனிநபரிடமிருந்து நேரடியாக வாங்கும் பழைய வண்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. 350க்கு மேற்பட்ட டூரிங் வண்டி வேண்டும் என்பவர்கள் இப்போது பழைய வண்டிச் சந்தையைப் பார்ப்பது அதனால்தான். வடசென்னையில் பழைய வண்டி வாங்குவதில் உள்ள சிக்கல்கள் தனி, அது கடைசியில்.

எண்பதுகளின் அளவுகோல் ஏன் இன்று பொருந்தாது

1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது முதல் இந்தப் பக்கத்துக்கு மோட்டார் சைக்கிள் அறிவு கொஞ்சம் கூடுதல்தான். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும் அதற்கு ஒரு காரணம். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறக்கும் காலம் வரை, வேகம் என்றால் சோழவரம்தான்.

அந்தக் காலத்தில் வண்டிகளைப் பிரித்தது என்ஜின். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சிசி, முதலில் 30.5 குதிரைத்திறன், பிறகு வந்த சிக்கனப் பதிப்பில் 27: அது ஆர்டி 350. 98 சிசியில் 11 குதிரைத்திறன் என்றால் ஆர்எக்ஸ் 100. இவை வேக வண்டிகள். நீண்ட ஸ்ட்ரோக் உள்ள, 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட புல்லட் தொலைதூர வண்டி. ஆனால் இவை எல்லாவற்றிலும் ஹேண்டில்பார் உயரமாக இருந்தது. ஃபுட்ரெஸ்ட் ஏறத்தாழ முட்டிக்குக் கீழேயே இருந்தது. முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. ஆர்டியிலிருந்து புல்லட்டுக்கு மாறியவருக்குச் சத்தம் மாறியது, இழுவை மாறியது, கியர் வலது காலுக்குப் போனது. உட்காரும் விதம் பெரிதாக மாறவில்லை.

உட்காரும் விதம் பிரிந்தது 2008ல் ஆர்15 வந்த பிறகு. அதன் முதல் பதிப்புகூட ஓரளவு தாராளம். 2018ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் குனிவு கடுமையானது. 2014ல் வந்த ஆர்சி 390 இன்னும் ஒரு படி மேல். இவற்றுக்கு முன்பே 2003ல் வந்த கரிஸ்மா ஒரு விதிவிலக்கு. 223 சிசி, முன்பக்கம் ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் உறை), விளம்பரத்தில் ஸ்போர்ட்ஸ். ஆனால் ஹேண்டில் உயரம், சீட் அகலம். பலர் அதிலேயே லடாக் வரை போய் வந்தார்கள்.

எனவே ‘நான் ஆர்டி ஓட்டியவன், கரிஸ்மா ஓட்டியவன், எனக்கு ஸ்போர்ட்ஸ் வண்டி புதிதா’ என்ற வாதம் இன்றைய வண்டிகளுக்குச் செல்லாது. அந்த அனுபவம் என்ஜினைப் பற்றியது. இன்றைய கேள்வி மணிக்கட்டைப் பற்றியது.

என்ஜின்: இழுவை எங்கே கிடைக்கிறது

இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டார்க் என்பது என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் சுழலும் முறுக்கு. நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். குதிரைத்திறன் என்பது அந்த முறுக்கை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோம் என்பது. டார்க்கை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 7,024ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் வந்துவிடும்.

இப்போது இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் வைப்போம். மீட்டியார் 350ன் உச்ச டார்க் 27 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்மில். 2024க்கு முந்தைய ஆர்ஆர் 310ன் உச்ச டார்க் 27.3, ஆனால் 7,700 ஆர்பிஎம்மில். முறுக்கு ஒன்றே. 7,700ல் அது கிடைப்பதால் ஆர்ஆர் அந்த இடத்தில் ஏறக்குறைய 30 குதிரைத்திறன் தருகிறது. மீட்டியார் தன் 4,000ல் தருவது 15 சொச்சம். காகிதத்தில் ஆர்ஆர் இரு மடங்கு வண்டி.

சாலையில் கணக்கு வேறு. மூலக்கடையிலிருந்து மாதவரம் ரவுண்டானா வரை மாலை நேரத்தில் என்ஜின் 7,700ஐத் தொடும் வாய்ப்பே இல்லை. 2,500க்கும் 4,500க்கும் நடுவில்தான் ஊசி ஆடும். ஸ்போர்ட்ஸ் வண்டியின் கியர் விகிதம் நெருக்கமாக இருப்பதால் கியரைக் குறைத்து அந்தக் குறையை ஈடுகட்டலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது கைப் பெருவிரல் மூட்டில் ஏற்கனவே தேய்மானம் உள்ளவருக்குக் கிளட்ச் பிடிக்கும் எண்ணிக்கைதான் முக்கியம், உச்ச வேகம் அல்ல.

போர், ஸ்ட்ரோக் அளவுகளே இதைச் சொல்லிவிடும். போர் பெரிதாகவும் ஸ்ட்ரோக் சிறிதாகவும் இருந்தால் (பழைய ஆர்சி 390ல் 89க்கு 60) என்ஜின் உயரச் சுழன்றுதான் உயிர் பெறும். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் (மீட்டியாரில் 72க்கு 85.8) கீழிருந்தே இழுக்கும், மேலே போனால் மூச்சு வாங்கும். ஹிமாலயன் 450 நடுவில் நிற்கிறது: 84க்கு 81.5. டூரிங் வண்டி என்றாலும் பழைய 411 சிசி ஹிமாலயன்போல அடியிலிருந்தே இழுக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அதன் உச்ச டார்க் 40 நியூட்டன் மீட்டர் வருவது 5,500ல்.

உடம்பைத் தாங்கும் மூன்று இடங்கள்

கை, இருக்கை, கால். ஹேண்டில்பார், சீட், ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றுக்கும் நடுவில் ஒரு முக்கோணம் வரைந்தால் வண்டியின் குணம் அதில் இருக்கும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஹேண்டில், ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு தனித் துண்டுகளாக, தாழ்வாக இருக்கும். கிளிப்-ஆன் என்பது இதுதான். ஃபுட்ரெஸ்ட் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளியிருக்கும். இடுப்பு மடிகிறது, முட்டி மடிகிறது, கழுத்து பின்னால் வளைகிறது.

இந்த அமைப்பு முட்டாள்தனமானது அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கிறது; கைக்குப் பாரமே தெரியாது. ஆனால் காற்றின் தள்ளு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடிக் குறையும். 100லிருந்து 25க்கு வேகம் இறங்கினால் காற்றின் தாங்கல் பதினாறில் ஒரு பங்குதான். மீதிப் பாரம் மணிக்கட்டுக்கு வந்துவிடும். வேகமாகப் போகும்போது சுகமாக இருக்கும் வண்டி மெதுவாகப் போகும்போது வலிப்பது இதனால்தான். ‘டெஸ்ட் ரைடில் நன்றாக இருந்ததே’ என்று பலர் குழம்புவதற்கும் இதுவே காரணம்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்று பார்த்தால் எங்கே அழுத்தம் என்று தெரியும்.

1. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் பாரம் விழுகிறது. ஹேண்டில் தாழ்வு, அல்லது முழங்கையைப் பூட்டிக்கொண்டு ஓட்டும் பழக்கம்.

2. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது. பிரேக், கிளட்ச் லீவர்கள் மிக உயரமாகத் திருப்பப்பட்டிருக்கலாம். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, கையை நீட்டினால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைக் கீழே திருப்ப ஐந்து நிமிடம் போதும்.

3. எல்லா விரலும் சேர்ந்து கூசினால் அதிர்வு. ஒற்றைச் சிலிண்டர் 5,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது வினாடிக்கு 92 முறை அதிர்கிறது. அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் தண்டு உள்ள மீட்டியாரின் என்ஜின் இதில் பரவாயில்லை. பேலன்சர் இல்லாத முந்தைய தலைமுறை 350 என்ஜின்களில் 80ஐத் தாண்டினால் கைக்குத் தெரியும். இன்டர்செப்டர் போன்ற இரட்டைச் சிலிண்டர் இங்கே தெளிவாக வெல்கிறது.

வண்டியை மாற்றிய பிறகும் மரத்துப்போதல் நிற்கவில்லை என்றால் குறை வண்டியில் இல்லை. நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

க்ரூஸர் என்ற கண்ணி

குனிவு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நேராகப் போய் க்ரூஸரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சீட் தாழ்வு (சூப்பர் மீட்டியார் 650ல் 740 மி.மீ.), கால் முன்னால் நீட்டலாம், ஷோரூமில் சோபா சுகம். எண்ணூர்ச் சாலைக்கு இது சரிவராது என்பது என் கணிப்பு. கால் முன்னால் இருந்தால் பள்ளத்தில் எழுந்து நிற்க முடியாது. குலுங்கல் முழுவதும் வால் எலும்பு வழியாக இடுப்புத் தண்டுவடத்துக்கு ஏறும். டிஸ்க் பிரச்சினை உள்ளவருக்கு ஆர்15ஐவிட இது மோசமாகவும் முடியலாம். அதோடு எடை 241 கிலோ. காலை அகட்டித் தள்ளிப் பின்னால் எடுக்கும்போது அந்த எடை தெரியும்.

டூரிங்குக்கு ஏற்ற அமர்வு என்றால் முதுகு நிமிர்ந்து, ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே எழுந்து நிற்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

வடசென்னைச் சாலை எதைக் கேட்கிறது

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் வரிசை கட்டி நிற்கும். அந்த எடையில் தார் இளகிச் சக்கரத் தடம் பள்ளமாகும். ஓரத்தில் தார் மேடு எழும்பும். மெதுவாக அந்த மேட்டைக் குறுக்கே கடக்கும்போது முன்சக்கரம் இழுக்கும். வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரம்) குட்டையாகவும் ஃபோர்க் செங்குத்தாகவும் உள்ள ஸ்போர்ட்ஸ் வண்டி (ஆர்ஆர் 310ல் வீல்பேஸ் 1,365 மி.மீ.) சட்டென்று திரும்பும், அதே காரணத்தால் அந்த மேட்டில் துள்ளவும் செய்யும். ஹிமாலயன் 450ன் வீல்பேஸ் 1,510. நேராகப் போவதில் அது உறுதி. டிரெய்லர்களுக்கு நடுவில் திருப்புவதற்கு அது பெரிய வண்டி. பக்கப் பெட்டிகள் மாட்டினால் சொல்லவே வேண்டாம். ஹேண்டில் நுழைந்த சந்தில் பெட்டி நுழையாது. மூத்தவர்கள் சாயும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பள்ளத்தைச் சமாளிப்பது சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம். ஆர்சி 390ல் முன் 120, பின் 150 மி.மீ. 411 சிசி ஹிமாலயனில் முன் 200, பின் 180. இன்டர்செப்டரில் முன் 110, பின் 88. கடைசி எண்ணை மீண்டும் பாருங்கள். நிமிர்ந்து உட்காரலாம், என்ஜின் வெண்ணெய், ஆனால் பின்பக்கம் ஸ்போர்ட்ஸ் வண்டியைவிடக் குறைவாகவே நகர்கிறது. தச்சூர் வழியாகத் தடாவுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இது தெரியாது. திருவொற்றியூரில் வீடு திரும்பும் கடைசி நான்கு கிலோமீட்டரில் தெரியும்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு ஃபேரிங் போட்ட லிக்விட் கூல் (திரவத்தால் குளிரும்) வண்டியில் ரேடியேட்டர் விசிறி ஓடினால் சூட்டுக் காற்று தொடையில் அடிக்கும். கத்தரி வெயிலில் லாரி வரிசைக்குள் நிற்கும்போது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இது வெறும் சிரமம் மட்டுமல்ல, தலைசுற்றலாகவும் முடியலாம்.

ஷோரூமில் என்ன சோதிக்க வேண்டும்

1. உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றுங்கள். சீட் உயரம் மட்டும் போதாது. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் 800 மி.மீ. சீட்டும் உயரமாகத் தெரியும். இரு காலின் முன்பாதமும் முழுமையாகத் தரையில் பட வேண்டும். ஹிமாலயன் 450ன் சீட் உயரம் 825 மி.மீ.; தாழ்ந்த சீட் தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

2. என்ஜின் அணைத்த நிலையில், உட்கார்ந்தபடியே வண்டியைப் பத்து அடி பின்னுக்குத் தள்ளுங்கள். வீட்டு வாசல் சரிவாக இருந்தால் இதுவே முடிவைச் சொல்லிவிடும்.

3. பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. ஹேண்டிலைப் பிடிக்காமல் அதே கோணத்தில் முதுகால் உடம்பைத் தாங்க முடிகிறதா? முடியவில்லை என்றால் ஓடும்போது அந்தப் பாரம் கைக்குத்தான்.

4. டெஸ்ட் ரைடில் மூன்றாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கி, கிளட்ச் தொடாமல் ஆக்சிலேட்டரை மெல்லத் திருப்புங்கள். செயின் அடித்துத் திணறினால் நகர நெரிசலில் அந்த வண்டி இடது கையைத் தின்றுவிடும்.

5. மனைவியோ நண்பரோ பின்னால் உட்காரும் வழக்கம் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஸ்போர்ட்ஸ் வண்டியில் பின்சீட் உயரம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவருடைய எடையும் உங்கள் மணிக்கட்டுக்கு வரும்.

6. டேங்க் கொள்ளளவைப் பெரிதாக எண்ண வேண்டாம். ஆர்15ல் 11 லிட்டர், ஹிமாலயன் 450ல் 17. நெல்லூர் போகும் வழியில் பங்க்குகளுக்குக் குறைவில்லை. அறுபதுக்கு மேல் பெட்ரோல் தீருவதற்கு முன்பே வேறு காரணத்துக்காக வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும்.

இருக்கும் ஸ்போர்ட்ஸ் வண்டியையே இளக்குவது

விற்க மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. வரிசை முக்கியம்: முதலில் இலவசமானவை.

1. சேக் சரிசெய்தல், அதாவது ஆள் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமிழும் அளவு. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சுக்கும் சீட்டடியில் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்கவும். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து மீண்டும் அளக்கவும். வித்தியாசம் மொத்தப் பயணத்தில் 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும், 150 மி.மீ. பயணம் என்றால் 37 முதல் 45. குறைவாக இருந்தால் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம்; ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் பிரிலோட் வளையத்தைச் சி-ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். உடம்பு எடை குறைந்தவர்கள் பலர் தேவையில்லாத கெட்டியான வண்டியைத்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

2. டயர் காற்று. ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது. நாலு பவுண்டு கூடினாலே பள்ளம் கையில் தெரியும்.

3. ஹேண்டிலை 20 முதல் 30 மி.மீ. உயர்த்தும் ரைசர். மாட்டிய பிறகு என்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஐடில் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ஓட்டினால் திருப்பத்தில் வண்டி தானாகப் பாயும். பிரேக் ஹோஸ் விறைத்தால் நீளமானது போட வேண்டும். கட்டைவிரல் டேங்க்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் சிக்குகிறதா என்றும் பாருங்கள்.

4. முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைப்பு. 15லிருந்து 14 என்றால் அதே வேகத்தில் ஆர்பிஎம் 7 சதவீதம் கூடும்; 90ல் 5,000 சுற்றிய என்ஜின் 5,360 சுற்றும். நகரத்தில் கியர் மாற்றம் குறையும், நெடுஞ்சாலையில் அதிர்வு கூடும். நகரம் மட்டும் ஓட்டுபவருக்கே இது லாபம்.

இவற்றைத் தாண்டி ஃபிரேம், சைலன்சர் வரை கை வைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். விபத்துக் காப்பீட்டிலும் தகராறு வரும்.

பழைய டூ ஸ்ட்ரோக்கை வைத்திருப்பவர்களுக்கு

ஆர்டியையும் ஆர்எக்ஸையும் ஞாயிறு காலைக்கென்று வைத்திருப்பவர்கள் இ20 பெட்ரோலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் சேர்ந்தால் எரிவதற்குத் தேவையான காற்று, எரிபொருள் விகிதம் 14.7லிருந்து சுமார் 13.5க்கு வருகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள ஃபியூல் இஞ்செக்ஷன் வண்டி தானாகவே கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது; கலவை 8 சதவீதம் வரை வறண்டுபோகும். நான்கு ஸ்ட்ரோக்கில் இது இழுவைக் குறைவோடு போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளலாம்.

ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் அடையாளம் அதுதான். கலவையில் பெட்ரோலைக் கூட்ட, கார்புரேட்டரின் ஜெட் நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கலாம், மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாமல் ஒன்று செய்து பிளக்கைப் பார்த்து அடுத்ததற்குப் போக வேண்டும். பெட்ரோல் குழாயும் ஃப்ளோட் நீடில் ரப்பரும் பழையது என்றால் மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைக்கும் முன் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகி என்ஜின் தானே நிற்கும் வரை ஓட விடுங்கள்.

வடசென்னையில் பழைய வண்டி வாங்கும்போது

காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று. இரண்டு தெரு உள்ளே நின்ற வண்டிக்கும் கடலைப் பார்த்து நின்ற வண்டிக்கும் மூன்றே ஆண்டில் வித்தியாசம் தெரியும். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைவிட எங்கே நின்றது என்பதே இங்கே முக்கியம்.

1. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் தட்டினால் துருப்புள்ளி. ஆயில் சீல் மாற்றினாலும் சில மாதங்களில் மறுபடி ஒழுகும். குழாயையே மாற்ற வேண்டும், ஸ்போர்ட்ஸ் வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கில் அது பெரிய செலவு.

2. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு காடியில் விழுவதுபோல நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. பள்ளச் சாலை வண்டிகளில் மிகச் சாதாரணமாக வரும் குறை.

3. பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின், இரண்டு ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

4. டயரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ன் 23ஆம் வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டைத் தாண்டிய டயருக்கு விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

5. பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து 4,000 ஆர்பிஎம்மில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றுங்கள். உப்பில் பச்சை பூத்திருக்கும் அல்லது சூட்டில் கருகியிருக்கும்.

6. லிக்விட் கூல் வண்டி என்றால் விசிறி தானாக ஓடத் தொடங்கும் வரை ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டரின் கீழ் வரிசை இதழ்களைத் தொட்டுப் பாருங்கள்; உதிர்ந்தால் வேண்டாம்.

7. ஆர்.சி.யில் என்ஜின் எண், சேசிஸ் எண், கடன் குறிப்பு நீக்கப்பட்டதா என்பவை. பதிவாகி 15 ஆண்டு நெருங்கும் வண்டியானால் புதுப்பிப்புச் செலவை யார் ஏற்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

8. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் அன்று தண்ணீரோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. வெளியே கழுவிப் பாலிஷ் போட்டுவிடுவார்கள். ஏர்ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூலைகளில் சேற்றுக்கோடு இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கட்டுகளின் டேப் பிசுபிசுக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீர்த்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பிரேக்குக்கான ஏபிஎஸ் யூனிட்டும் இசியூ என்ற என்ஜின் கணினியும் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது; எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.